நாற்றின் வயதை வைத்தே நாள் நகரும்: டெல்டாவில் அன்றாடம் எப்படித் திட்டமிடப்படுகிறது

காலை நாலரைக்கு எழுந்திருப்பது, ஐந்தே காலுக்குப் பால் கறப்பது, எட்டு மணி பேருந்தைப் பிடிப்பது என்று நாளை மணிக்கணக்கில் பிரித்து வாழ்கிறவர்கள் காவிரி டெல்டாவில் நிறையவே இருக்கிறார்கள். அதே தெருவில் நெல் வைத்திருக்கும் வீட்டுக்குப் போய், "நாளைக்குப் பத்து மணிக்கு எங்கே இருப்பீங்கண்ணே?" என்று கேட்டால், "வாய்க்கால்ல தண்ணி வரட்டும் தம்பி, பார்த்துட்டுச் சொல்றேன்" என்பார். இதைக் கேட்டுவிட்டு, இவர்களுக்குத் திட்டமே கிடையாது என்று முடிவுகட்டுகிறவர்கள் உண்டு. அது தவறு. "பொங்கலுக்கு முன்னாடி எந்த வயல் அறுப்பு?" என்று அவரையே கேளுங்கள், நான்கு மாதம் முன்பே வயல்வாரியாகச் சொல்லிவிடுவார். அவருடைய திட்டம் பயிரின் வயதில் இருக்கிறது. நாளைக்கு என்ன வேலை என்பதை அந்த வயதிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் எடுக்கிறார்.

அப்படி எண்ணும்போது சில நேரங்கள் நகரவே நகராது. முளைகட்டிய விதையும், கறவை மாட்டின் மடியும், பள்ளி மணியும் அந்த வகை. ஆற்றுத் தண்ணீர், மும்முனை மின்சாரம், ஆள், அறுப்பு மெஷின் ஆகியவை யாரோ ஒருவர் கையில் இருப்பவை. எப்போது வரும் என்று உறுதியில்லை. உறுதியில்லாதவற்றுக்கு இடம் விட்டு, நகராதவற்றை முதலில் கட்டிப்போடத் தெரிந்தவரின் அன்றாடம்தான் இங்கே ஒழுங்காக ஓடுகிறது. அந்த ஒழுங்கின் பாரம் வீட்டில் எல்லோர் மேலும் ஒரே அளவில் விழுவதில்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

மேட்டூரிலிருந்து எண்ணுவது

1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையைப் பாசனத்துக்குத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. மூடும் நாள் ஜனவரி 28. திறந்துவிட்ட தண்ணீர் முக்கொம்பைத் தாண்டிக் கல்லணைக்கு வர மூன்று, நான்கு நாள் ஆகும். கல்லணையில் அது காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிறது. அங்கிருந்து குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு, கோரையாறு, பாமணியாறு என்று கிளைத்து, வாய்க்கால், கிளை வாய்க்கால், வயல் மடை என்று இறங்க வேண்டும். தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கக் கடைமடையை எட்ட மேலும் ஒரு வாரமோ பத்து நாளோ பிடிக்கும். ஆற்று மணல் எவ்வளவு காய்ந்து கிடக்கிறது, வாய்க்கால் தூர் வாரியிருக்கிறதா என்பதைப் பொறுத்து அதற்கு மேலும் ஆகலாம். அணை திறந்த செய்தி எல்லோருக்கும் ஒரே நாளில் வந்தாலும், மேல்மடைக்காரருக்கும் கடைமடைக்காரருக்கும் நாற்று விடும் நாள் ஒன்றாக இருக்க முடியாது.

திறப்பு நாளே நகரும்போது என்ன ஆகிறது? 2022இல் மே 24 அன்று திறந்தார்கள். 2023இல் ஜூன் 12. 2024இல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று தமிழ்நாட்டுக்கு உறுதிசெய்த 177.25 டி.எம்.சி. தண்ணீர் (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) ஓர் ஆண்டுக்கான கணக்கு. விவசாயிக்கு அது எந்த மாதத்தில் வருகிறது என்பதுதான் கணக்கு.

ஜூனையொட்டித் தொடங்கும் குறுகிய காலப் போகமான குறுவைக்குப் போடும் ஆடுதுறை 36, ஆடுதுறை 43, கோ 51 போன்ற ரகங்களுக்கு விதையிலிருந்து அறுப்பு வரை ஏறக்குறைய 110 நாள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை, அதாவது போர் தண்ணீரை வைத்து மே 25 அன்று நாற்று விட்டவர் செப்டம்பர் 12 வாக்கில் அறுத்துவிடலாம். ஆற்றுத் தண்ணீருக்குக் காத்திருந்து ஜூன் 15 அன்று விட்டவருக்கு அக்டோபர் 3. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குவதால் இந்த மூன்று வாரத்தில் காய்ந்த நெல்லும் முளைத்த நெல்லும் பிரிந்துவிடுகின்றன. ஜூலை கடைசியில்தான் தண்ணீர் என்றால் போர் இல்லாதவர் குறுவையை மறந்துவிட்டு நீண்ட வயதுள்ள ஒருபோகச் சம்பாவுக்குப் போய்விட வேண்டும்.

சம்பாவுக்கு சி.ஆர். 1009 மாதிரி 155 முதல் 160 நாள் ரகம் போடுகிறவர் ஆகஸ்ட் 10 சுமாருக்கு நாற்று விட்டால் பொங்கலையொட்டி அறுப்பு வரும். கதிர் பூப்பது அறுப்புக்கு ஒரு மாதம் முன்பு, அதாவது மார்கழித் தொடக்கத்தில். பெரிய மழைகள் பெரும்பாலும் கார்த்திகையோடு தணியும் என்று நம்பிப் போட்ட கணக்கு அது. குறுவையை அறுத்துவிட்டுத் தாளடி நடுகிறவருக்கு 160 நாள் ரகம் கட்டாது. 130, 135 நாள் ரகத்துக்கு இறங்கிவிடுவார். ரகத்தைத் தேர்ந்தெடுப்பதே நாட்களைத் தேர்ந்தெடுப்பதுதான். ஆடுதுறையில் 1922 முதல் இயங்கிவரும் நெல் ஆராய்ச்சி நிலையம் இத்தனை வெவ்வேறு வயதுள்ள ரகங்களைக் கொடுத்திருக்காவிட்டால், திறப்பு நாள் தவறிய ஆண்டுகளில் மாற்று வழியே இருந்திருக்காது.

விதை ஊறுகிற நாற்பத்தெட்டு மணி நேரம்

முதல் நகராத நேரம் இங்கே வருகிறது. குறுவை ரகத்தில் ஒரு ஏக்கர் நடவுக்கு 24 கிலோ விதை, 8 சென்ட் நாற்றங்கால். நம் கணக்கில் ஓர் ஏக்கர் என்பது மூன்று மா; ஆக மூன்று மா நடவுக்குக் கால் மாவுக்குக் கொஞ்சம் குறைவான நாற்றங்கால். மத்திய வயது ரகத்துக்கு 16 கிலோவும், நீண்ட வயதுக்கு 12 கிலோவும் போதும்.

விதையை 24 மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரை வடித்து, ஈரச் சாக்கில் கட்டி இன்னொரு 24 மணி நேரம் இருட்டில் முளைகட்ட வேண்டும். திங்கள் மாலை ஐந்து மணிக்கு ஊறப்போட்டால் செவ்வாய் மாலை வடிப்பு, புதன் மாலை தெளிப்பு. மாலையில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. தெளிக்கும் நேரம் வெயில் தாழ்ந்த பொழுதில் விழும், முளை வாடாது. காலை பத்துக்கு ஊறப்போட்டவர் உச்சி வெயிலுக்கு முன்னால் அவசர அவசரமாகத் தெளிக்க வேண்டியிருக்கும்.

மூட்டைக்குள் சூடு ஏறும். நாலைந்து மணிக்கு ஒருமுறை கையை விட்டுப் பார்த்து, புரட்டிவிட்டு, தண்ணீர் தெளிக்க வேண்டும். ராத்திரி ஒருமுறையாவது எழுந்து பார்க்காவிட்டால் நடுவில் இருக்கும் விதை வெந்துபோய்ப் புளித்த வாடை அடிக்கும். ஓரத்து விதை முளைக்காமல் கிடக்கும். சாக்கை இறுக்கிக் கட்டுவதும் இதே கேட்டைத்தான் கொண்டுவரும், விதை உப்புவதற்கு இடம் வேண்டும். முளை வெள்ளையாக எட்டிப்பார்த்தால் போதும். வேர் நீண்டு ஒன்றோடொன்று பின்னிக்கொண்டால் தெளிக்கும்போது ஒடியும். அதனால்தான் மூட்டை கட்டிய நாளில் இந்த வீட்டார் வெளியூர்க் கல்யாணத்துக்குப் போவதில்லை. போனால் ஒருவர் தங்குவார்.

தெளிக்கிற நாளில் நாற்றங்கால் சேறு தெளிந்து, மேலே மெல்லிய தண்ணீர் நின்றால் நல்லது. மறுநாள் காலையில் அந்தத் தண்ணீரை வடித்துவிட வேண்டும். வடிக்க மறந்தால் முளை அழுகும். அன்று ராத்திரி கனமழை பிடித்தால் விதை ஒரு மூலைக்கு ஒதுங்கிவிடும். மழை வரும்போலிருந்தால் தண்ணீரைச் சற்று அதிகமாகத் தேக்கி வைத்துக்கொண்டு, மழை விட்டதும் வடிப்பதுதான் வழக்கம்.

இந்த மாலையிலிருந்து நாற்றின் வயது ஓடத் தொடங்குகிறது. குறுகிய வயது ரகத்தை 18 முதல் 22 நாளுக்குள் பறித்து நட்டாக வேண்டும். மத்திய வயது 25 முதல் 30, நீண்ட வயது 35 முதல் 40. மாதத்துக்கு ஒரு வாரம் என்று ஊரில் சொல்லும் கணக்கு இதுதான்: நாலு மாத நெல்லுக்கு நாலு வார நாற்று. மெஷின் நடவுக்குத் தட்டில் வளர்க்கும் பாய் நாற்று என்றால் 14 முதல் 18 நாள்தான். அதில் சலுகையே கிடையாது. நீண்டுவிட்டால் மெஷினின் விரல்கள் பிடிக்காது.

வயது தாண்டிய நாற்றை நட்டால் என்ன? குறுகிய ரகம்தான் அதிகமாக அடி வாங்கும். தூர் கட்டும், அதாவது அடியில் பக்கக் கிளை விடும் பருவத்தில் பாதியை நாற்றங்காலிலேயே கழித்துவிட்டு வந்திருக்கும். வயலில் தூர் வெடிக்காமல் கதிருக்குப் போய்விடும். நீண்ட ரகத்துக்கு ஒரு வாரத் தாமதம் அவ்வளவாகத் தெரியாது. தவிர்க்க முடியாமல் தாமதமானால் நெருக்கி நட வேண்டும், குத்துக்கு ஒன்றிரண்டு நாற்று கூடுதலாக வைக்க வேண்டும், நுனியைக் கிள்ளிவிட வேண்டும். கிள்ளுவதில் இன்னொரு லாபம்: குருத்துப்பூச்சி முட்டையிடுவது இலை நுனிப் பக்கம் என்பதால் முட்டைக் குவியல் கொஞ்சம் அங்கேயே கழிந்துவிடும்.

நடவு நாளின் முந்தைய இரவு

நடவு ஒரு காலை வேலை. ஆனால் அதன் சங்கிலி முந்தைய நாளே தொடங்கிவிடுகிறது. கடைசிச் சேறடித்து, பரம்பு ஓட்டிச் சமன் செய்து, அண்டை வெட்டி, அடியுரம் போட்டு, ஒரு ராத்திரி சேறு படிய விட வேண்டும். இன்று காலை அடித்து இன்றே நட்டால் நாற்று ஆழமாகப் புதைந்து தூர் வெடிக்கத் தாமதமாகும். களிமண் வயலில் அடித்துவிட்டு மூன்று நாள் விட்டாலோ சேறு இறுகி விரல் நோகும். நடவு ஆட்கள் முணுமுணுப்பார்கள், நியாயம்தான்.

பறிப்புக்கும் நடவுக்கும் சேர்த்து ஏக்கருக்கு ஏறக்குறைய பதினைந்து ஆள் வேண்டியிருக்கும். ஊரில் எல்லோருக்கும் தண்ணீர் ஒரே வாரத்தில் வருவதால், எல்லோருடைய நாற்றும் ஒரே வாரத்தில் வயதுக்கு வருகிறது. இருபது நாளுக்கு முன்பு நாற்று விட்ட அன்றே நடவுக் கூட்டத்தை அழைத்து வரும் அம்மாவிடம் "இந்தத் தேதிக்கு நம்ம வயல்" என்று சொல்லி வைக்காதவர் கடைசியில் நிற்பார். இதைத் தெரிந்தவர்கள் தங்கள் மொத்த நிலத்துக்கும் ஒரே நாளில் நாற்று விடுவதில்லை. இரண்டு தவணையாக, நாலைந்து நாள் இடைவெளியில் விடுவார்கள். ஆள் கிடைப்பது ஒரு நாள் தள்ளிப் போனாலும் மொத்த நாற்றும் முற்றிவிடாது.

வேலை விடியலோடு தொடங்கி நண்பகலையொட்டி முடிவதற்குக் காரணம் வெயில். மேலே சூரியன், கீழே சூடேறிய சேற்றுத் தண்ணீர், இரண்டுக்கும் நடுவில் குனிந்த முதுகு. வெயில் ஏறிய பிறகு நட்ட நாற்றும் அதிகம் வாடும். தஞ்சைப் பகுதியில் சூரியோதயம் ஆண்டுக்குள் முக்கால் மணி நேரம் போல நகர்கிறது. ஜூனில் ஆறு மணிக்குச் சற்று முன்பு, ஜனவரி கடைசியில் ஆறரையைத் தாண்டி. குறுவை நடவுக்கு ஆறு மணிக்கு வயலில் நிற்கிற ஆள், தை மாத வேலைக்கு ஏழுக்குத்தான் இறங்க முடியும். பள்ளியும் பேருந்தும் அப்படி நகர்வதில்லை. வீட்டில் நெருக்கடி ஏற்படுவது இந்த இடத்தில்தான்.

ஆறு மணிக்கு வயலில் இருக்க வேண்டிய பெண் நான்கு மணிக்கு முன்பே எழுந்தாக வேண்டும். தண்ணீர் பிடிக்க வேண்டும், வாசல் தெளிக்க வேண்டும், மாடு இருந்தால் சாணி அள்ள வேண்டும், மூன்று வேளைக்கும் சேர்த்து ஒரே உலையாக வடித்து வைக்க வேண்டும், பிள்ளைகளை எழுப்பும் பொறுப்பை யாரிடமாவது ஒப்படைக்க வேண்டும். ஆண்களின் வேலைக்குப் பருவம் உண்டு, இடையில் ஓய்வு நாளும் உண்டு. இந்தக் காலை நான்கு மணிக்குப் பருவம் கிடையாது. டெல்டாவில் யாருடைய அன்றாடம் மிகவும் துல்லியமாகத் திட்டமிடப்பட்டது என்று கேட்டால், நடவு நடும் பெண்ணுடையதுதான் என்று சொல்வோம். எழுதி வைக்காததால் அது திட்டம் போலத் தெரிவதில்லை.

இந்தக் காலையைக் கொஞ்சமாவது இளக்கியவை இரண்டு. 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பக்கத்து ஊர் நடவுக்கு யாருடைய டிராக்டரையும் எதிர்பார்க்காமல் போய்த் திரும்ப முடிகிறது, அந்தப் பேருந்து வருகிற நேரத்துக்கு. மற்றது பள்ளிக் காலை உணவு. 2022 செப்டம்பரில் தொடங்கிய திட்டத்தை மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவாக்கியது 2023 ஆகஸ்ட் 25 அன்று, நாகை மாவட்டம் திருக்குவளையில். அம்மா வயலுக்குப் போன பிறகு பசியோடு பள்ளிக்குப் போகிற ஐந்தாம் வகுப்புக்கு உட்பட்ட பிள்ளைக்கு அங்கே உப்புமாவோ பொங்கலோ இருக்கிறது. ஐந்து மணிக்குள் இரண்டு விதச் சமையல் என்ற கட்டாயம் ஒன்றாகக் குறைந்தது.

நல்ல நேரம் பார்ப்பதும் இந்தத் திட்டத்துக்குள் அடங்கியதே. திங்கட்கிழமை ராகுகாலம் ஏழரை முதல் ஒன்பது. ஆறு மணிக்கே வயலின் வடகிழக்கு மூலையில் ஒரு முடி நாற்றை நட்டுத் தொடங்கிவிட்டால் பிறகு வேலை ஓடிக்கொண்டிருக்கும். ராகுகாலத்துக்காக யாரும் கரையேறி உட்கார்வதில்லை. செவ்வாய், ஞாயிறு ராகுகாலங்கள் மாலையில் வருவதால் நடவுக்குத் தொந்தரவே இல்லை.

மோட்டார் ஓடும் நேரம்

ஆற்றுத் தண்ணீர் முறை வைத்து வரும் நாட்களில், சில நாள் காவிரிக்கு, சில நாள் வெண்ணாற்றுக்கு என்று மாற்றி மாற்றி விடுவார்கள். மேலே இருப்பவர் மடையை அடைக்காமல் விட்டுவிட்டால் கீழே இருப்பவரின் முறை காய்ந்தே முடியும். மதகைப் பார்த்துக்கொள்ளும் பாசன ஊழியரான லஸ்கரிடம் கேட்டுக்கொண்டு, ராத்திரி மண்வெட்டியோடு வாய்க்கால் கரையில் நடக்கிற வேலை அப்போதுதான். போர் வைத்திருப்பவருக்கு இந்தக் கவலை குறைவு. அவருக்கு மின்சாரத்தின் கவலை.

கணக்கு இப்படி: ஒரு ஏக்கரில் ஓர் அங்குலம் தண்ணீர் நிறுத்த ஒரு லட்சம் லிட்டருக்குச் சற்று மேல் வேண்டும். மோட்டார் நொடிக்குப் பத்து லிட்டர் தள்ளினால் மணிக்கு 36,000 லிட்டர். ஏக்கருக்கு மூன்று மணி நேரம். வாய்க்காலில் ஊறுவதும் எலி வளையில் போவதும் தனி. மும்முனை மின்சாரம் பகலில் ஒரு தவணை, இரவில் ஒரு தவணை என்று பிரித்து விடும் இடத்தில், ஒரு பகல் தவணைக்குள் இரண்டு ஏக்கரைத் தாண்டுவது கடினம். ஐந்து ஏக்கர்க்காரருக்கு ஒரு சுற்று முடிய மூன்று நாள். நாலாம் நாள் முதல் வயல் மறுபடி கேட்கும். மூன்று மாதத்துக்கு அவருடைய அன்றாடம் இதுதான்.

இதில் கெடுவது எங்கே? இரவுத் தவணைக்கு ஆட்டோ ஸ்டார்டர் போட்டுவிட்டுத் தூங்குகிறார்கள். ஒரு முனை போய் இரண்டு முனையில் மோட்டார் ஓடினால், உறுமிக்கொண்டே சூடேறி, உள்ளே சுற்றியிருக்கும் கம்பிச்சுருள் (காயில்) கருகும். ஒரு முனை தவறினால் தானே நிறுத்தும் தடுப்புக் கருவி ஸ்டார்டரிலேயே இருந்தால் இது நடக்காது. காயில் கட்டுகிற செலவுக்கு முன்னால் அதன் விலை சிறியது. இருந்தும் பழைய ஸ்டார்டர்களில் அதைக் கழற்றி விட்டிருப்பதைப் பார்க்கலாம், அடிக்கடி நிறுத்துகிறது என்ற காரணத்துக்காக. அடிக்கடி நிறுத்துகிறது என்றால் மின்சாரத்திலோ இணைப்பிலோ கோளாறு என்று பொருள். மின்னழுத்தம் குறைந்த மாலை நேரத்தில் மோட்டார் அதிகக் கரண்டை இழுக்கும். தளர்ந்த முடிச்சில் வயர் உருகும். கிணற்று மோட்டாருக்கு உறிஞ்சு குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வில் குப்பை அடைத்தால் தண்ணீர் இறங்கிவிடும், கரண்ட் வந்ததும் காற்றை இழுத்துக்கொண்டு வெறுமனே ஓடும். ராத்திரிக்கு விட்டுப் போவதற்கு முன் பகல் தவணையிலேயே ஒருமுறை நிறுத்தி மறுபடி போட்டுப் பார்த்தால் வால்வு பிடிக்கிறதா என்று தெரிந்துவிடும்.

தினமும் தண்ணீர் கட்ட வேண்டிய அவசியமே இல்லை என்பது பலர் இன்னும் நம்பாத விஷயம். ஒரு அடி நீளமுள்ள, ஒரு கை நுழையும் அகலமான பிளாஸ்டிக் குழாயை எடுத்து, மூன்றில் கீழ் இரண்டு பங்கில் சுற்றிலும் துளை போட்டு, துளைப் பகுதி மண்ணுக்குள் இருக்கும்படி வரப்போரம் பதித்து, உள்ளே இருக்கும் சேற்றை அள்ளிவிட வேண்டும். வயலில் தண்ணீர் வற்றிய பிறகும் குழாய்க்குள் தெரியும். நட்டு ஒரு வாரம், பத்து நாள் கழிந்தபின், மண்மட்டத்துக்கு 15 சென்டிமீட்டர் கீழே போகும் வரை பயிருக்குக் குறையில்லை. அப்போது மறுபடி இரண்டு அங்குலம் கட்டினால் போதும். பூக்கும் சமயத்தில் மட்டும் காய விடக் கூடாது. காலையில் ஒரு குச்சியை விட்டுப் பார்க்கிற வேலை ஒரு நிமிடம். வரப்பில் நண்டு வளை இருக்கிற வயலில் குழாய் காட்டும் அளவு ஏமாற்றும், வளையை முதலில் அடைக்க வேண்டும். களை முளைக்கிற முதல் மாதத்தில் வயலை அதிகம் காயப்போட்டால் கோரை ஏறிக்கொள்ளும். இவை இரண்டையும் கவனித்தால் வாரத்தில் சில நாள் கைக்கு மிஞ்சும்.

மணி தவறாதவர்கள்

பால் மாடு வைத்திருப்பவர்களுக்கு மணிதான் எல்லாம். பால் கூட்டுறவு சொசைட்டி திறந்திருக்கும் நேரத்துக்குள் பால் போய்ச் சேர வேண்டும். இரண்டு கறவைக்கும் இடையில் பன்னிரண்டு மணி நேரம் விடுவது சிறந்தது. காலை ஐந்துக்குக் கறந்து மாலை மூன்றுக்கே கறந்தால், மாலைப் பால் குறைவாகவும் கொழுப்புச் சத்து கூடுதலாகவும் இருக்கும்; பதினான்கு மணி நேர இடைவெளிக்குப் பிறகு வரும் காலைப் பால் அளவில் கூடி, கொழுப்பில் இளைத்திருக்கும். சொசைட்டியில் காலைப் பாலுக்கு விலை குறைகிறது என்று மாட்டுத் தீவனத்தைக் குறை சொல்வதற்கு முன் கறவை நேரத்தைப் பார்க்க வேண்டும்.

கடலோரத்தில் நாகை, வேளாங்கண்ணிப் பக்கம் வேறு நாள்காட்டி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். வலை பின்னுவதும் படகு பழுது பார்ப்பதும் அப்போதுதான்.

பழக்கம் எப்படிப் படிகிறது என்பதைப் பற்றி லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் சகாக்களும் செய்து 2009இல் வெளியிட்ட ஆய்வு இங்கே பொருந்தும். 96 பேர், ஆளுக்கு ஒரு புதிய பழக்கம், 84 நாள் கண்காணிப்பு. பழக்கம் யோசிக்காமலே வருகிற அளவுக்குப் படியப் பொதுவாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது; 84 நாளைத் தாண்டியவை போக்கை நீட்டிக் கணக்கிட்டவை. ஒரு நாள் தவறியதால் பெரிய கெடுதல் இல்லை. பங்கேற்றவர்கள் புதிய பழக்கத்தைக் காலை உணவுக்குப் பிறகு என்பது போல ஏற்கெனவே நடக்கிற ஒன்றோடு கோத்துக்கொண்டார்கள். டெல்டாவில் இந்தக் கோக்கும் முறை எப்போதும் இருப்பதுதான்: பால் வண்டி போனதும் மாட்டை அவிழ்ப்பது, சாயரட்சை மணி கேட்டதும் விளக்கேற்றுவது. சிக்கல் என்னவென்றால் 66 நாளில் ஒன்று படிவதற்குள் பருவம் மாறிவிடுகிறது. கோத்து வைத்த கொக்கியே இடம் மாறிவிடும்.

இது மாத்திரை விஷயத்தில் ஆபத்தாக முடியும். சர்க்கரை நோய்க்கு கிளிமிபிரைடு வகை மாத்திரை எடுக்கிறவர் பலர் அதை "காலைச் சாப்பாட்டுக்கு முன்" என்று பழகியிருப்பார்கள். நடவு, அறுப்பு நாட்களில் வீட்டிலேயே மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சாப்பாட்டைத் தூக்கில் எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விடுகிறார்கள். சாப்பிட ஒன்பதரை ஆகிவிடும். அதற்குள் உடலுழைப்பும் சேர்ந்து சர்க்கரை தாழ்ந்து வியர்வை, கை நடுக்கம், கண் இருட்டல் என்று வயலிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். மாத்திரையைத் தூக்கு வாளியோடு சேர்த்துக் கட்டி எடுத்துப்போய், சோற்றைத் திறக்கும்போது போடுவதுதான் சரி. மடியில் இரண்டு மிட்டாயோ ஒரு வெல்லக் கட்டியோ இருக்க வேண்டும். வேலை நாட்களுக்கு அளவை மாற்ற வேண்டுமா என்று மருத்துவரிடம் பருவம் தொடங்கும் முன்பே கேட்டுவிடுவது நல்லது.

அறுப்பு

எல்லாத் திட்டமும் ஆட்டம் காண்பது அறுப்பில். வயலில் தண்ணீரை வடிப்பதைப் பத்து நாள் முன்பே செய்ய வேண்டும், அறுப்பு எந்த நாள் என்று தெரியாமலே. மெஷின் வெளியூரிலிருந்து வந்திருக்கும். ஒரு தெருவில் இறங்கினால் பக்கத்து வயல்களையும் சேர்த்து முடித்துவிட்டுத்தான் நகரும். தரை இறுகியிருந்தால் டயர் மெஷின் போதும், ஈரமாக இருந்தால் செயின் மெஷின்தான் இறங்கும், அதற்கு மணி வாடகை கூடுதல். ஆகவே சரியான நாளில் வடித்தவருக்கு நேரடியான பண லாபம் உண்டு. தை மாதப் பனியில் கதிர் நனைந்திருப்பதால் ஒன்பது, பத்து மணிக்கு முன் மெஷின் ஓட்டினால் நெல்மணி வைக்கோலோடு போய்விடும்.

மெஷின் அறுத்த நெல்லில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதம்தான் வரம்பு. மழை ஆண்டுகளில் கேட்டுப் பெறுகிற தளர்வு வந்தால்தான் உண்டு. இரண்டு விரற்கடை கனத்தில் பரப்பி, அரை மணிக்கு ஒருமுறை காலால் கோடு இழுத்துக் கிளறினால் நல்ல வெயிலில் ஒன்று, இரண்டு நாளில் இறங்கிவிடும். மெல்லியதாகப் பரப்பி உச்சி வெயிலில் ஒரேயடியாகக் காய்ச்சினால் அரிசிக்குள் கீறல் விழுந்து ஆலையில் நொய்யாகும். மாலையில் பனி இறங்கும் முன் குவித்துத் தார்ப்பாய் போட வேண்டும். தார்ப்பாயின் ஓரம் காற்றுக்குத் தூக்காமல் இருந்தால்தான் பயன்.

பிறகு காத்திருப்பு. 40 கிலோ சிப்பமாக எடை போடும் வரை குவியலை விட்டு நகர முடியாது. சாக்கு வந்ததா, லாரி ஏற்றிப்போனதா, இடம் காலியானதா என்று ஒவ்வொன்றும் வேறொருவர் கையில். வீட்டிலிருந்து ஒருவர் குவியலோடே படுத்துத் தூங்க, மற்றவர் மாட்டையும் பிள்ளையையும் பார்க்க, கூலி வேலைக்குப் போகிற நாள் வீணாகிறது. நெல்லை எந்த நாளில் கொண்டுவரலாம் என்று மூன்று நாள் முன்னால் உறுதியாகச் சொல்லி, சொன்ன நாளில் எடுத்துவிட்டால் இந்த நாட்களெல்லாம் மிச்சமாகும். வாய்க்கால் முறைக்கும் மின்சாரத் தவணைக்கும் இதேதான். தேதியைக் கொடுத்தால் மீதியைத் திட்டமிட்டுக்கொள்ள டெல்டாக்காரர்களுக்குத் தெரியும்.

இந்தத் தேதியின் அருமை உளுந்தில் நன்றாகத் தெரியும். சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போது, நிற்கிற நெல்லுக்குள் ஏக்கருக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ உளுந்தைத் தெளிப்பது இங்கே பழைய முறை. மண்ணில் இருக்கும் மிச்ச ஈரத்திலும் பனியிலும் எழுபது நாளில் விளைந்துவிடும். தைப் பின்பாதிக்குள் போட்டுவிட வேண்டும். தள்ளிப்போனால் பூக்கும் நேரம் பங்குனி வெயிலில் மாட்டும். மண் வெண்ணெய்ப் பதத்தில் இருக்க வேண்டும், தண்ணீர் நின்றால் விதை அழுகும், வெடிப்பு விட்டிருந்தால் முளைக்காது. கை அறுப்புக் காலத்தில் இதில் சிக்கல் இல்லை, கால் படுகிற இடம் குறைவு. இப்போது ஐந்து நாள் வயதுள்ள முளையின் மேல் செயின் மெஷின் ஏறினால் தடம் போன பாதை முழுக்கச் செடி இருக்காது. அதனால் சிலர் மெஷின் வருவதற்கு முதல் நாள் மாலை தெளிக்கிறார்கள். விதை மண்ணில் அமுங்கினாலும் முளை ஒடியாது. சிலர் அறுத்துவிட்டு, வைக்கோலை வாரிவிட்டு, ஈரம் இருந்தால் அன்றே தெளிக்கிறார்கள். முதல் முறைக்கு மெஷின்காரர் சொன்ன நாளில் வர வேண்டும். இரண்டாவதற்கு வைக்கோல் கட்டுகிற வண்டி உடனே கிடைக்க வேண்டும். இரண்டுமே உறுதியில்லாத வயலில் உளுந்து விதையை ஊறவைக்காமல், ரைசோபியம் என்ற நுண்ணுயிர் உரம் கலந்து நிழலில் உலர்த்தி, மறுநாளே தெளிக்கும்படி தயாராக வைத்துக்கொண்டு, மெஷின் பக்கத்து வயலில் இறங்கிய பிறகு கையில் எடுப்பதுதான் நஷ்டம் குறைந்த வழி.